உப்பளத்துக்கு மேல பறந்த சிஸ்டம்

தூத்துக்குடியில் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனி. அங்கே சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர் குணபாலன் அண்ணாச்சி. அவர் கதைவிட வாயைத் திறந்தால், உடன் வேலை பார்க்கிற மீரான் காதைப் பொத்திக்கொள்வான். ஆனால் எழுந்து மட்டும் போகமாட்டான்.

மதியச் சாப்பாட்டு நேரம். புதிதாகச் சேர்ந்த ஜெசிந்தா கவலையோடு கேட்டாள்: "அண்ணாச்சி, மெயில் சர்வர்ல பழைய சிஸ்டம்தான் ஓடுது. பாதுகாப்பு ஓட்டைன்னு எச்சரிக்கை வந்திருக்கு. சோர்ஸ் கோடை இறக்கி, சிஸ்டத்தையே மறுபடி புதுசா பில்டு பண்ணணும். பொதுவா இதை எத்தனை நாளைக்கு ஒருதடவை பண்ணணும்?"

"நாளா?" அண்ணாச்சி ரசத்தை உறிஞ்சிவிட்டுச் சிரித்தார். "நாள்கணக்கெல்லாம் சோம்பேறிங்களுக்கு. வீட்டு மெஷின்ல நான் பல்லு தேய்க்கும்போது ஒண்ணு, குளிக்கும்போது ஒண்ணு. மொத்த சோர்ஸையும் இறக்கி, மெஷினுக்குப் புரியுற மாதிரி மொத்தமா கம்பைல்."

"மெஷின் சூடாகாதா?" என்றான் மீரான்.

"ஆகாம? என் வீட்டுக்காரி சிபியு மேலதான் தோசைக்கல்லைப் போடுவா. கேஸ் சிலிண்டரையே திருப்பிக் குடுத்துட்டோம்லா. பண்டிகைன்னா தெருவே மாவைத் தூக்கிட்டு வந்துரும். ஊத்தப்பம் வேணும்னா மட்டும் சிஸ்டத்தோட மூளை, அதான் கெர்னல், கம்பைல் ஆகுற நேரமாப் பாத்து வரணும். அப்பதான் தீ நிதானமா நிக்கும்."

"அந்தச் சூட்டுக்கு சிபியு ஃபேன் தாங்குமா?"

"அதை ஏன் கேக்க! ஒருநாள் ஃபேன் சுத்துன சுத்துல மேசையே எழும்பிட்டு. ஜன்னல் வழியா கெளம்பி உப்பளத்துப் பக்கமா பறக்குது. நான் மவுஸ் வயரைப் புடிச்சுத் தொங்கிட்டே போறேன். கீழ பாத்தி பாத்தியா கெடந்த தண்ணி, அந்தக் காத்துல ஒரே மூச்சுல உப்பாப் போச்சு. ஆளுங்க கையெடுத்துக் கும்பிடுதாங்க."

"எப்படி இறங்குனீங்க?"

"பில்டு முடிஞ்சுது, இறங்கிட்டேன்."

மீரான் தலையில் அடித்துக்கொண்டான். ஜெசிந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நிஜமாத்தான் கேக்கேன் அண்ணாச்சி. எச்சரிக்கை வந்தா உடனே பண்ணணும், இல்லாட்டி மாசத்துக்கு ஒருக்கா போதும், முதல்ல வேற மெஷின்ல ஓட்டிப் பாக்கணும்னு படிச்சேன். சரிதானே?" என்றாள்.

"அது சாதாரண ஆளுக்கும்மா. நான் அப்டேட் பண்ணிப் பண்ணி, அந்த சிஸ்டத்தை எழுதுறவனையே முந்திட்டேன். அவன் இன்னும் எழுதாத வெர்ஷன் என்கிட்ட ஓடுது. ஜெர்மனியில இருந்து அவனே போன் போட்டு, 'அண்ணாச்சி, நாளைக்கு நான் என்ன எழுதணும்?'னு கேக்கான்."

"ஜெர்மன்காரன் தமிழ்லயா கேட்டான்?" மீரான் விடவில்லை.

"அந்த வெர்ஷன்ல தமிழ் வந்துட்டுல்லா!"

"அப்போ மெயில் சர்வரை இன்னைக்கு நீங்களே பண்ணிருங்க," என்றாள் ஜெசிந்தா. "ஊர்ல பாதிப் பேரோட மெயில் அதுலதான் கெடக்கு. எனக்குப் பயமா இருக்கு."

அண்ணாச்சி அடுத்த வாய்ச் சோற்றை அள்ளினார்.

"அதுவா? அதை நான் அடுத்த வாரமே முடிச்சிட்டேனே!"

ஜெசிந்தா டிபன் பாக்ஸை மூடினாள்.

"தெரியும் அண்ணாச்சி. அடுத்த வாரம் நீங்க முடிச்சப்புறம் அந்த சர்வர் எந்திரிக்கவே இல்லை. நான்தான் வந்து எழுப்பிவிட்டேன்."