மூன்றாம் குகையில் யார்?

ஒரு காட்டில் நாற்பது நாள் அடைமழை. மீன்களெல்லாம் மரக்கிளையில் உட்கார்ந்து இளைப்பாறின என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், குழந்தைகளே!

விலங்குகள் தங்கள் குட்டிகளை மலைமேல் இருந்த நூறு குகைகளில் கொண்டுபோய் வைத்தன. எந்தக் குகையில் யார் என்று நினைவில் வைக்க ஓர் ஆள் வேண்டும். கணக்குத் தவறினால் குட்டிகளின் உயிர் போய்விடுமே!

கிளி, எறும்பு, யானை மூவரும் முன்வந்தார்கள். கூலி வேண்டாம் என்றார்கள். தங்கள் வித்தையையும் ஒளிக்கவில்லை. விரும்பியவர் கற்றுக்கொள்ளலாம் என்றார்கள்.

"கேட்டு முடிக்குமுன் பதில் சொல்வேன்!" என்றது கிளி.

"நான் உங்கள் காதிலேயே குடியிருப்பேன். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் சொல்லவேண்டும்" என்றது எறும்பு.

"நான் கொஞ்சம் மெதுவு" என்றது யானை.

ஆளைத் தேர்ந்தெடுக்க வந்த குரங்கு விழுந்து விழுந்து சிரித்தது. "யானை அண்ணன் வாய் திறப்பதற்குள் என் குட்டிக்குப் பேரன் பிறந்துவிடுவான்! கிளிதான் சரி!"

அப்போது நனைந்துபோன சிறுத்தை ஒன்று, தங்க இடம் கேட்டு வந்தது. மான் இரக்கப்பட்டு மூவரிடமும் சொன்னது: "மூன்றாம் குகையைச் சிறுத்தைக்குக் கொடுங்கள். என் குட்டியை..."

டமார்! இடி விழுந்தது. மண் சரிந்து மானைக் கீழே இழுத்துப்போனது.

"மூன்றாம் குகை! சிறுத்தைக்கு மூன்றாம் குகை!" என்று கீச்சிட்டது கிளி.

"பொறு, இங்கே முயலே இன்னும் சொல்லி முடிக்கவில்லை" என்றது, ஒரு முயலின் காதில் உட்கார்ந்து அதன் குட்டியின் குகையைக் கேட்டுக்கொண்டிருந்த எறும்பு.

யானை வழியை மறித்து நின்றது. "சேதி பாதியில் அறுந்துவிட்டது. முழுதாக வரும்வரை பழைய கணக்கே நிற்கும். மூன்றில் இருப்பது மான்குட்டி."

"வழியை விடு!" என்று சிறுத்தை உறுமியது. யானை அசையவில்லை.

குரங்கு ஓடிப்போய் எட்டிப் பார்த்தது. உள்ளே மான்குட்டி சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது!

"நல்லவேளை, தடுத்துவிட்டாய்!" என்றது சிறுத்தை மெல்ல. "எனக்கு நாற்பது நாள் பசி."

மழைகூட ஒரு நொடி அந்தரத்தில் நின்று யானையைப் பார்த்தது!

சேறும் சகதியுமாக மான் ஏறி வந்தது. "...ஏழாம் குகைக்கு மாற்றியபிறகு!" என்று மூச்சிரைக்கச் சொல்லி முடித்தது.

குரங்கு கைகூப்பியது. "அண்ணா, இந்த மலையே இனி உங்கள் பொறுப்பு. அப்படியே, நான் ஒளித்துவைத்த மூன்று வாழைப்பழங்கள் எங்கே என்பதையும் நினைவில்..."

யானை தும்பிக்கையால் எறும்பைத் தூக்கிக் குரங்கின் காதில் விட்டது. "அதற்கு இவர் போதும், தம்பி!"

நீதி: வேகத்தைக் கண்டு மயங்காதே, உன் வேலைக்கு எது பிசகாதோ அதையே தேர்ந்தெடு.