கடைசி வரிசைக்குத் தெரியும் கல்

கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்றில் மோதிரங்களுக்குக் கல் பதிக்கிறவள் ரங்கமணி. அவளிடம் மில் முதலாளி நல்லமுத்து வந்து உத்தரவு போட்டார்.

"நிச்சயதார்த்தத்துல என் மருமக விரல்ல போடுற கல்லு, மண்டபத்துக் கடைசி வரிசைக்கும் தெரியோணும். ஆயுசுக்கும் அவ அதைக் கழட்டவும் கூடாது!"

ரங்கமணி கொட்டைப்பாக்கு அளவு கண்ணாடிக் கல்லை ஒரு மோதிரத்தில் பதித்து, "ஒரு நாள் நீங்களே போட்டுப் பாருங்க" என்று கொடுத்தாள்.

மறுநாள் முதலாளி வெறும் விரலோடு வந்தார்.

"மோதிரம் எங்கீங்க?"

"சோறு பிசைஞ்சா கல்லுக்கடியில பருக்கை சிக்குது. கழட்டி வெச்சுட்டேன்."

"கழட்டி வெச்ச மோதிரம் முதல் வரிசைக்கே தெரியாதுங்களே!"

முதலாளி அவள் முன்னாலிருந்த கல் தட்டிலிருந்து மிளகளவுக் கல் ஒன்றை அவரே பொறுக்கி எடுத்தார்.