ஆம்பளைச் சாட்சி

ஊருக்கெல்லாம் நியாயம் சொல்லும் நாட்டாமை வரதப்பர் முன்னால் கன்னியம்மா முறையிட வந்து நின்றாள். ஏரிக்கரையில் தண்ணீர் எடுத்து வரும்போது அவர் மகன் தனபால் அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டான்.

நாட்டாமை மகனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளைத்தான் கேட்டார். "நீ எதுக்குச் சிரிச்சே?"

"நான் சிரிக்கலைங்க."

"சிரிக்காமலா எம்மவன் கையைப் புடிப்பான்? பொம்பளை சொல்லு அம்பலம் ஏறாது. கண்ணால பார்த்த ஆம்பளைச் சாட்சியைக் கூட்டிட்டு வா. இல்லேன்னா இனிமே நீ வாசப்படி தாண்டக் கூடாது."

யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கையைப் பிடிக்கிறவனுக்கு எதிராகச் சாட்சி எங்கே கிடைக்கும்? கன்னியம்மா வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் அந்தி மயங்கும் நேரம். ஏரிக்கரையிலிருந்து "ஐயோ, அப்பா!" என்று அலறல் கேட்டது. ஊரே ஓடியது. அலறியவன் தனபால். முக்காடு போட்டு, இடுப்பில் குடத்தோடு வந்த ஒருத்தியின் கையை அவன் பிடித்திருக்கிறான். இப்போது அந்தக் கை அவனைப் பிடித்திருந்தது, இரும்புப்பிடியாக!

அவனைத் தரதரவென்று இழுத்துவந்து நாட்டாமை காலடியில் தள்ளியதும் முக்காடு நழுவியது. கூத்தில் பாஞ்சாலி வேஷம் கட்டும் வேலாயுதம். கன்னியம்மாவின் அண்ணன்.

நாட்டாமை மகனையும் வேலாயுதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆம்பளைச் சாட்சி கேட்டீங்களே, வந்திருக்குங்க" என்றாள் கன்னியம்மா. "ஏன் பேசாம நிக்கிறீங்க? என்னைக் கேட்டதை எங்கண்ணனையும் கேளுங்க, எதுக்குச் சிரிச்சான்னு!"