அரிசி டிரம்முக்குள் ஒரு புட்டி

"மருந்துக்கும் கண்ணு படும், அதனால..." என்று பெரியப்பா எப்போதோ ஆரம்பித்த பேச்சு. பின்பாதி சங்கரபாண்டியனுக்கு மறந்தே போயிருந்தது.

மறக்கட்டும். இப்போது அவர் கவலை வேறு.

"டாக்டரம்மா, எண்ணெய் நிக்க மாட்டேங்கு."

வேதியியல் படித்து, கனடாவில் இருபது வருஷம் இருந்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்பியவர் அவர். சித்த மருத்துவர் முப்பிடாதி அவரைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் குரு. அவளிடம் கற்றுக்கொண்டு, உரிமம் வாங்கி, வலிக்கான கஞ்சா எண்ணெய் காய்ச்சியிருந்தார்.

"நூறா இருந்த வீரியம் தொண்ணூறு நாள்ல எழுபத்தொண்ணு ஆயிட்டு. மூணு மாசம் நின்னாத்தான் புற்றுநோய் இல்லத்துல வாங்குவாங்க. அங்க வலியில கிடக்காங்க எல்லாரும். என்ன சேர்க்கணும், சொல்லுங்க."

"தினமும் பாத்தீங்களா, அண்ணாச்சி?"

"பாக்காம?"

"எப்படின்னு செஞ்சு காட்டுங்க."

உற்சாகமாக எழுந்தார். அவள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த புட்டியை ஜன்னல் வெயிலில் தூக்கிப் பிடித்து நிறம் பார்த்தார். மூடியைத் திறந்து முகர்ந்தார். இன்னொரு தடவையும் முகர்ந்தார். ஒரு சொட்டு எடுத்து, கூடவே கொண்டுவந்திருந்த வீரியம் அளக்கும் கருவியில் விட்டார்.

"தீபாவளிக்கு?"

"அன்னைக்கும்தான். குளிக்கறதுக்கு முன்னாலயே."

முப்பிடாதி சமையலறைக்குப் போனாள். அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு புட்டியை எடுத்து வந்தாள். அதே நாள், அதே சட்டியில் காய்ச்சியது. அன்று அவரே குருவுக்கென்று கொடுத்தது. முத்திரை பிரியவில்லை.

"இதையும் பாருங்க."

கருவி தொண்ணூற்றேழு காட்டியது.

"இதுல என்ன சேர்த்தீங்க?"

கையில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டாள் அவள்.

"ஒண்ணும் இல்ல. உங்க கைக்கு எட்டாத இடத்துல வச்சேன்."

முதலில் அவர் முகம் சுருங்கியது. பிறகு தோள் குலுங்கியது. கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது.

"ஆனா நோயாளி தினமும் திறப்பாரே, டாக்டரம்மா?"

அவள் மறுபடி சமையலறைக்குப் போனாள்; அவரும் பின்னாலேயே போனார். மதியச் சோற்றுக்கு மூன்று ஆழாக்கு மட்டும் அளந்து எடுத்துக்கொண்டு டிரம்மை இறுக மூடினாள்.

"சாப்பிட்டுட்டுப் போங்க. உங்களுக்கும் சேர்த்துத்தான் எடுத்திருக்கேன்."

சங்கரபாண்டியன் மூடிய டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா சொன்னதன் பின்பாதி 'மூடி வை' என்பதாகத்தான் இருக்கும் என்று பட்டது.

இனி ஏழு நாளில் தீர்ந்துபோகும் சின்னப் பழுப்புப் புட்டிகளில்தான் எண்ணெயை அடைப்பது, ஒன்று தீரும்வரை அடுத்ததைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்தார்.