முத்தோடு வந்த விருந்தாளி

முன்னொரு காலத்தில், காடும் மேடுமாகக் கிடந்த கானாற்று நாட்டைத் திருமேனிராயன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அவன் மாறாமல் வைத்திருந்த ஆசை ஒன்றுதான்: மான் வேட்டை.

அவன் பட்டத்துக்கு வந்த வருஷம் மழை பொய்த்து, காட்டில் மான்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அவை மறுபடி பெருகும்வரை யாரும் வில்லெடுக்கக் கூடாது என்று அவனே ஆணையிட்டான். தானும் கட்டுப்பட்டான். வருஷங்கள் போயின. இந்தக் கோடையில்தான் காட்டுக் காவலர்கள் வந்து, "மகாராஜா, ஓடைக்கரையெல்லாம் குளம்படி" என்றார்கள். அன்றே நாள் குறித்தான். மழை விழுந்தால் ஆறு பெருகிக் காட்டுவழி அடைபட்டுவிடும்.

நாள் நெருங்கியபோது அவனுக்குக் காய்ச்சல் கண்டது. வைத்தியர் நாடி பார்த்து, "போக வேண்டாம் மகாராஜா, உடம்பு தாங்காது" என்றார். அரசன் அவரைச் சிறையில் போட்டான்.

"இனி என்னைப் போகாதே என்று சொல்கிறவன் நாக்கு அவன் வாயில் இருக்காது."

"காய்ச்சலாவது? குதிரை ஏறி ஒரு காதம் போனால் எல்லாம் வியர்த்துப் போய்விடும்" என்றான் தளவாய் மங்கைபாகன். படைக்குத் தலைவன், அரசனுக்குத் தாய்வழிச் சொந்தம். அரசனுக்குப் பிள்ளை இல்லை. அடுத்து யார் என்று பேச்சு வந்தால் தளவாய் மீசையைத் தடவிக்கொள்வான்.

மந்திரி பூவலிங்கத்துக்குத் தன் தங்கை நினைவுக்கு வந்தாள். சின்ன வயதில் அவருக்கும் தங்கைக்கும் ஒரே சமயத்தில் இப்படித்தான் காய்ச்சல் கண்டது. அவர் படுத்துக் கிடந்தார். அவள் அடம்பிடித்துத் தேர் பார்க்கப் போனாள். அவர் முகத்தில் அம்மைத் தழும்பு இருக்கிறது. அவள் இல்லை.

புறப்படும் காலையில் அவர் அரசனின் அறைக்குள் போனார். அரசன் கட்டில் விளிம்பில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பணியாட்கள் அவன் கையில் தோல் காப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். முத்துமாலைக்குக் கீழே, கழுத்தில், சின்னச் சின்னதாகக் கொப்புளங்கள். மந்திரியின் கண் அங்கேயே நின்றது.

"என்ன மந்திரியாரே, முகம் வாடியிருக்கிறது? மானுக்காகத் துக்கமா?" என்றான் தளவாய்.

"இல்லை தளவாய். அரண்மனைக்கு ஒரு விருந்தாளி வந்திருக்கிறாள். அதைச் சொல்ல வந்தேன்."

"இப்போதா? யாரவள்?" என்றான் அரசன்.

"பெரிய இடம் மகாராஜா. உங்களுக்கு வரி கட்டாதவன்கூட அவளுக்குக் கூழ் ஊற்றுவான்."

"எங்கே தங்கவைத்தீர்?"

"நான் யார் தங்கவைக்க? அவளாகவே இந்த அறைக்கு வந்துவிட்டாள். மகாராஜாவுக்கு முத்தும் கொண்டுவந்திருக்கிறாள்."

"முத்தா? எங்கே?"

"உங்கள் கழுத்தில்தான் போட்டிருக்கிறாள்."

அரசனின் கை மாலைக்கு அடியில் போய்த் தடவியது. பணியாட்கள் காப்பைப் பாதியில் விட்டுப் பின்வாங்கினார்கள். தளவாய் எப்போது கதவருகே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த நாட்டில் அம்மையை நோய் என்று யாரும் சொல்வதில்லை; தாய் வந்திருக்கிறாள் என்பார்கள்.

"மந்திரி, என்னைப் போகாதே என்கிறீரா?"

"இல்லை மகாராஜா. வீடு தேடி வந்த தாயை விட்டுவிட்டு வீட்டுக்காரர் எழுந்து போகும் வழக்கம் நம்மிடம் உண்டா என்று கேட்கிறேன்."

அரசன் வெகுநேரம் வில்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு படுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

கதவருகிலிருந்து தளவாய் பேசினான். "மகாராஜா வருந்த வேண்டாம். அரச வில்லை என்னிடம் கொடுங்கள். நான் உங்கள் வீட்டுப் பிள்ளை. நான் போனால் நீங்கள் போன மாதிரி."

அரச வில்லோடு காட்டுக்குப் போகிறவனைத்தான் ஜனங்கள் அடுத்த அரசன் என்று பார்ப்பார்கள். மந்திரிக்கு அது தெரியும்.

"வீட்டுப் பிள்ளைதானே?" என்றார்.

"அதிலென்ன சந்தேகம்?"

"அப்படியானால் நல்லது. தாய் இறங்கும்வரை வீட்டுப் பிள்ளை வாசல் தாண்டக் கூடாது. பக்கத்திலிருந்து வேப்பிலை வீச வேண்டும்."

தளவாய் கதவைப் பிடித்துக்கொண்டான். "சொந்தம் என்றால்... கொஞ்சம் தூரத்துச் சொந்தம்தானே."

"தூரத்துச் சொந்தத்துக்கு அரச வில் எதற்கு?"

சுவர்ப்பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா முனகலா என்று தெரியவில்லை. "மங்கைபாகா, வேப்பிலையை எடு" என்றான் அரசன்.

அந்த அறையில் தாளிக்காத கஞ்சியும் இளநீரும்தான். தளவாய் கையை நீட்டமாக நீட்டி, முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு வீசினான். அரசன் நினைவு தப்பிக் கிடந்தபோது கட்டிலை விட்டு நகராதவர் மந்திரி. ஒரு பிற்பகல் ஜன்னல் வழியாக மண்வாசனை வந்தது.

"மழையா?" என்று கேட்டான் அரசன்.

"மழைதான் மகாராஜா."

"அப்படியானால் வேட்டை போயிற்று."



கொப்புளங்கள் வாடி உதிர்ந்து, தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று அரசன் கண்ணாடி கேட்டான். "முத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு குழியை மட்டும் விட்டுப் போயிருக்கிறாள்" என்றான். பிறகு மந்திரியிடம், "உமக்கு என்ன வேண்டும், கேளும்" என்றான்.

"வைத்தியர் நேராகச் சொன்னதை நான் சுற்றி வளைத்துச் சொன்னேன். பரிசு அவருடையது."

வைத்தியரை விடுவித்து, தன் முத்துமாலையை அவர் கழுத்தில் போட்டான் அரசன். தளவாயை எல்லைக் காவலுக்கு அனுப்பினான். "தூரத்துச் சொந்தம் தூரத்திலேயே இருக்கட்டும்."

மந்திரியைத் தவிர எல்லோரும் போன பிறகு அரசன் எழுந்து செருப்பை மாட்டினான். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "வேட்டைக்கு இல்லை. ஆற்றங்கரை வரைக்கும்தான். அக்கரையில் மான்கள் வந்து நிற்கும். தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வருகிறேன்."

வெளியே தூறிக்கொண்டிருந்தது. நாக்கறுக்கும் ஆணையை அவன் இன்னும் திரும்பப் பெறவில்லை. சுற்றி வளைத்துச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்குமா என்று மந்திரி தேடிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

"போக வேண்டாம்" என்றார்.

அரசன் அவரைப் பார்த்தான். கட்டிலில் உட்கார்ந்து, தானே குனிந்து, செருப்பைக் கழற்றினான்.