விரல் நகத்தளவு கதவு

படகு கட்டும் ஓடாவி மதலேனாளுக்கு நாற்பத்து நான்கு வயது. அவளிடம் தொழில் கற்க வந்த தொபியாஸ் மிராந்தாவுக்கு அறுபத்தொன்பது. ஊர் சிரித்தது. ஊருக்கு வேறு என்ன வேலை?

தொபியாஸ் ஒரே ஒரு கப்பலைச் செய்யத்தான் வந்தார். சமுத்திரவல்லி என்ற போர்க்கப்பல். பழைய யுத்தத்தில் அடிபட்டும் மூழ்காமல் கரை சேர்ந்தது; பிறகு அதை உடைத்துப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள். இருபத்தோரு வயதில் அவர் அதில் வேலை பார்த்தவர். இப்போது செய்வது அதன் மாதிரி; நூறில் ஒரு பங்கு அளவு. தேக்கில் உடம்பு, பித்தளைத் தகட்டில் உள்ளறைகள். பதினான்கு மாத வேலை.

ஞாயிற்றுக்கிழமை அது துறைமுக மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் போக வேண்டும். அந்தக் கப்பலில் செத்துப்போன ஏழு பேரின் வீட்டாரும் பார்க்க வருகிறார்கள்.

வியாழக்கிழமை காலை, மேல்தளத்தை ஒட்டத் தொபியாஸ் பசை கலக்கிக்கொண்டிருந்தார். மதலேனாள் கப்பலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“அண்ணாச்சி, முன்னறைக் கதவு திறந்து கிடக்கு.”

“ஆமா.”

“வரைபடத்துல மூடித்தான இருக்கு.”

“மேல ஒட்டிட்டா யாருக்குத் தெரியப் போகுது?”

“உங்களுக்குத் தெரியும்.”

விரல் நகத்தளவு கதவு. அதற்கு மட்டும் கீல் வைத்திருந்தார். மற்ற கதவுகளெல்லாம் வெறும் தகடு.

“என்ன அண்ணாச்சி, பசை காயுது. பேசுங்க.”

“அத மூடினது நான்தாம்மா.”

மெதுவாகச் சொன்னார். முன்பக்கம் வெடித்தது. முன்னறையில் தண்ணீர் ஏறியது. உள்ளே ஏழு பேர். உத்தரவு வரவில்லை. கேட்க நேரமும் இல்லை. கதவை இழுத்துப் பூட்டினார். அந்தப் பக்கமிருந்து தட்டினார்கள். ரொம்ப நேரமில்லை. கொஞ்ச நேரம்.

“இந்தக் கப்பல்லயாவது அவங்க வெளிய வரட்டும்னு திறந்து வச்சேன். ஞாயித்துக்கிழம அந்த வீட்டு ஆளுங்க முகத்த எப்படிப் பார்ப்பேன்?”

மதலேனாள் பசைக் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

“எல்லாத்தையும் நூறுல ஒண்ணாக் குறைக்கச் சொல்லிக் குடுத்தீங்க. இத எப்படிம்மா குறைக்கிறது?”

“தூக்குங்க. தொட்டிக்குப் போவோம்.”

கண்ணாடிக்குள் நிற்கப் போகிற கப்பலும் ஒருமுறை தண்ணீரைத் தொட வேண்டும் என்பது அவள் பட்டறைச் சட்டம். அது அவருக்குத் தெரியும். ஆனால் அவள் கைத்துளைப்பானை எடுத்துக் கப்பலின் முன்பக்கத்தில் வைத்ததும் பதறிப்போனார்.

“என்னம்மா செய்யறீங்க?”

“அடிபட்டது இங்கதான?”

“பதினாலு மாசம்மா.”

“அதுவா கேட்டேன்? இங்கதானா?”

அவர் வாயே அவரைக் கேட்காமல் பதில் சொன்னது. “இன்னும் ரெண்டு விரல் கீழ.”

துளை போட்டாள். தொட்டியில் விட்டாள். தண்ணீர் முன்னறையை நிரப்பி, திறந்த கதவு வழியே இயந்திர அறைக்குள் போனது. முன்பக்கம் அமிழ்ந்தது. பின்பக்கம் தூக்கியது. கப்பல் தொட்டியின் அடியில் போய் உட்கார்ந்தது. அவள் கை நீட்டவில்லை. அவரையும் விடவில்லை.

“கதவுக்கு இந்தப் பக்கம் எத்தன பேரு?”

“நூத்தித் தொண்ணூறு.”

“உங்களச் சேர்த்தா?”

“என்னச் சேர்த்து. அதுதாம்மா உறுத்துது.”

கப்பலை எடுத்தாள், கவிழ்த்தாள், துடைத்தாள். மீன் கழுவிய சட்டியைத் துடைப்பதுபோலத்தான் துடைத்தாள்.

“இப்ப மூடுங்க.”

“இது வெறும் பொம்மம்மா. இத வச்சு என்ன நிரூபிக்கப் போறீங்க?”

“பொம்மைன்னா மூட வேண்டியதுதான?”

“நீங்களே மூடிருங்களேன்.”

“இது என் கப்பல் இல்ல.”

சாமண இடுக்கியால் அந்தக் கதவைப் பிடித்தார். இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை மூடி, ஓரமெல்லாம் மெழுகு பூசினார். காதைக் கதவருகே கொண்டுபோனார். அறுபத்தொன்பது வயது மனிதர். மதலேனாள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுபடி தொட்டியில் விட்டார். துளை வழியே தண்ணீர் புகுந்தது. முன்னறை நிரம்பியது. முன்பக்கம் தாழ்ந்தது. இன்னும் தாழ்ந்தது. பிறகு நின்றது.

கோயிலில் பன்னிரண்டு மணி அடிக்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கப்பல் தலை குனிந்தபடி மிதந்துகொண்டிருந்தது.

தொபியாஸ் பஞ்சை எடுத்தார்.

“முன்னறைத் தண்ணிய ஒத்தி எடுத்துட்டா நேரா நின்னுரும். இப்படித் தல கவுந்தபடியா அவங்க முன்னால கொண்டு வைக்கிறது?”

மதலேனாள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அந்தத் தண்ணியோடதான அண்ணாச்சி, இது கரைக்கு வந்துச்சு.”