இடது கைக்கு ஒரு பாட்டு

பெரம்பூரில் ஹேசல் பீட்டர்ஸ் என்று ஒரு ஜாஸ் கலைஞர் இருந்தார். சாக்ஸபோன் வாசிப்பார், இசையும் எழுதுவார். பதினொரு வருடம் சினிமா ரெக்கார்டிங்குகளில் வாசித்தவர். பிறகு நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, தான் எழுதியதை மட்டும் வாசிக்க ஆரம்பித்தார். பெரிய கூட்டம் வராது. வந்தவர்கள் மறுபடியும் வருவார்கள்.

அவருடைய மாணவர் செல்வின் ஞானராஜ். டீச்சரைவிட ஏழு வயது மூத்தவர், தபால் துறையில் வேலை. நாற்பத்தாறு வயதில் கற்றுக்கொள்ள வந்தார். ஐந்து வருடத்தில் ஹேசலின் குழுவிலேயே வாசிக்கும் அளவுக்குத் தேறிவிட்டார்.

ஒரு மழை நாளில் செல்வினின் ஸ்கூட்டர் சறுக்கியது. வலது கையில் நரம்பு அறுந்துவிட்டது. இரண்டு ஆபரேஷன் செய்தும் விரல்கள் மடங்கவில்லை.

ஆறு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாக்ஸபோன் பெட்டியோடு ஹேசல் வீட்டுக்கு வந்தார்.

“டீச்சர், இதை யாருக்காவது கொடுத்துடுங்க. வீட்ல இருந்தா பாத்துக்கிட்டே இருக்கேன்.”

“உக்காருங்க அண்ணா. டீ போடறேன்.”

டீயைக் கொடுத்துவிட்டு ஹேசல் சொன்னார்: “முப்பத்தஞ்சு வயசுல எனக்கு டி.பி. வந்தது. ஒரு வருஷம் ஊதவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ரெக்கார்டிங்குக்கு வேற ஆளைப் போட்டுட்டாங்க. படுத்த இடத்துல என்ன செய்யறது? அப்பதான் பாட்டு எழுத ஆரம்பிச்சேன்.”

செல்வின் டீயைத் தொடவில்லை.

“உங்களுக்கு ஒரு வருஷம், டீச்சர். எனக்கு இனிமே இப்படித்தான்.”

“ஆமா,” என்றார் ஹேசல்.

பிறகு ஹேசலே பெட்டியைத் திறந்து, வாத்தியத்தின் பட்டையை அவர் கழுத்தில் மாட்டினார்.

“இடது கையால வாசிங்க.”

“கீழ் சுரத்துக்கெல்லாம் வலது கை வேணும், டீச்சர். ஒண்ணுகூட வராது.”

“வர்றதை வாசிங்க.”

செல்வின் ஊதினார். ஆறு மாதமாக ஊதாத உதடு. முதலில் காற்றுதான் வந்தது. பிறகு ஒரு சுரம், நடுங்கிக்கொண்டு வந்தது. அதற்கு மேலே இன்னும் சில. வந்ததை எல்லாம் ஹேசல் ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

“இது எதுக்கு?”

“அடுத்த மாசம் சர்ச் ஹால்ல கச்சேரி. தினமும் சாயங்காலம் ஆபீஸ் முடிச்சிட்டு வாங்க.”

இடது கைக்கு வரும் சுரங்களை மட்டும் வைத்து ஹேசல் மூன்று வாரம் ஒரு பாட்டு எழுதினார். எழுதினார், கிழித்தார், மறுபடி எழுதினார். செல்வின் தினமும் வந்தார். இரண்டு முறை இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார்.

கச்சேரி அன்று அறுபது பேர் வந்திருந்தார்கள். ஹேசல் மேடையில் ஏறவில்லை, கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார். பியானோ மெதுவாக ஆரம்பித்தது. செல்வின் ஒரு சுரம் ஊதி நிறுத்தினார். அந்த இடைவெளியில் டிரம்ஸ் மட்டும் மழைத் தூறல்போல் கேட்டது. மறுபடி ஒரு சுரம், அதன் பக்கத்தில் இன்னொன்று. பாட்டு முழுவதும் அப்படித்தான் போனது. நிறுத்தும் இடங்களிலெல்லாம் ஹாலே அடுத்த சுரத்துக்காகக் காத்திருந்தது.

முடிந்ததும் நெடுநேரம் கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, இன்னொரு முறை வாசிக்க முடியுமா என்று கேட்டார். செல்வின் வாசித்தார்.

எல்லோரும் போன பிறகு ஹேசலிடம் வந்து நின்றார். முகம் தெளிவாக இல்லை.

“டீச்சர், ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லணும்.”

“கேளுங்க.”

“என்மேல பாவப்பட்டு சுலபமா எழுதிக் கொடுத்தீங்களா?”

ஹேசல் நாற்காலியை விட்டு எழுந்தார்.

“மூணு வாரமா நானும் அதை வாசிச்சுப் பாக்கறேன், அண்ணா. எனக்கு வரலை. என் வலது கை சும்மா இருக்க மாட்டேங்குது.”